கணக்கில் இருந்தது, தண்ணீரில் இல்லை

போன வாரம், தண்ணீர் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, "சார், ரிப்போர்ட்ல லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்னு போடணுமா, இல்ல பிபிஎம்னு போடணுமா?" என்று கேட்டார். குடிதண்ணீரைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான், உங்கள் அலுவலகத்தில் எது வழக்கமோ அதைப் போடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு மனசு ஒரு நிலையில் இல்லை. ஓய்வு பெற்றவனிடம் கேள்வி கேட்டால் இதுதான் தொல்லை. ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு, மிச்சத்தை இரண்டு நாள் தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பான். அந்த மிச்சத்தைத்தான் இப்போது உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்களிடம் இப்போது கருவி இருக்கிறது. தண்ணீரில் நுனியை முக்கினால் எண் வருகிறது. நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த எண் யாருக்காக வருகிறது, அதைக் கேட்டுவிட்டு யார் என்ன செய்யப்போகிறார்கள் என்பதைக் கருவி சொல்லாது. அதை எனக்குப் புரியவைத்தவர் என் வயதுக்காரர்தான், என் பக்கத்து மேஜை.

எழுபதுகளின் பிற்பகுதி. திருவண்ணாமலையில் எங்கள் ஆய்வகம் தேரடிக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீட்டில் இருந்தது. வேங்கிக்கால் பக்கம் இன்று வரிசையாக அலுவலகங்களைப் பார்க்கிற உங்களுக்கு நம்புவது கஷ்டம், அப்போது அங்கே ஏரியும் வயலும்தான். எங்கள் வீட்டில் சமையல் மேடையின் மேல் தராசு, கொல்லைப்புற வராந்தாவில் குடுவைகள், முன் அறையில் இரண்டு மேஜைகள். ஒன்று எனக்கு. இன்னொன்று ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு வந்தவருக்கு. நான் பணியில் நிரந்தரமானவன், அவர் இன்னும் புரோபேஷனில், தகுதிகாண் பருவத்தில், இருந்தார். அவர் பெயரைச் சொல்லமாட்டேன். பெயர் போட்டு எழுதினால் அவருக்குப் பிடிக்காது. நாங்கள் மேடம் என்று கூப்பிட்டோம், நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் வந்த புதிதில் நடந்தது இது. கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் போடச் சொல்லி ஒரு கிராமத்துக்குப் போயிருந்தோம். அங்கே கிணறு பார்த்துக்கொள்ளும் மேஸ்திரியிடம் நான் என் படிப்பெல்லாம் தெரிகிற மாதிரி, "கெணத்துல ரெண்டு பிபிஎம் இருக்கணும், பாத்துக்குங்க" என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டே கேட்டார்.

"ரெண்டு இன்னாங்க சார்? ரெண்டு மூட்டையா, ரெண்டு படியா?"

"பத்து லட்சத்துல ரெண்டு பங்கு."

"பத்து லட்சம் ரூவாய நான் கண்ணால பாத்ததில்லீங்க சார். பவுடரு எவ்ளோ போடணும், அத சொல்லுங்க."

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கல் கட்டிய கயிற்றை வாங்கிக் கிணற்றில் விட்டார். ஈரம் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று முழம் போட்டார். கிணற்றின் குறுக்களவைக் காலடியால் அளந்தார். கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டு மேஸ்திரியிடம் சொன்னார்.

"காலி பால் டப்பா இருக்குமில்ல? அதுல ஒண்ணு, தல தட்டி. பக்கெட்ல கரைச்சு, சுண்ணாம்பு அடியில நிக்கட்டும்னு விட்டுட்டு, மேல இருக்கற தெளிவ மட்டும் ஊத்துங்க. ஊத்தி அரை மணி நேரம் யாரும் மொள்ளக் கூடாது."

"இது புரியுதும்மா. இவரு சொன்னதுதான் புரியல."

திரும்பி சைக்கிளில் வரும்போது நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன். நான் சொன்னதில் என்ன தப்பு என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"தப்பே இல்ல சார். எங்க வீட்ல என்னைக் குட்டினு கூப்பிடுவாங்க. ரேஷன் கார்டுல வேற பேரு. இங்க மேடம். ஆளு ஒண்ணுதான், ஆனா ரேஷன் கடையில போய் குட்டினு சொன்னா அரிசி போடுவாங்களா? நம்ம கரைசலும் அப்படித்தான். ஒரு சதவீதம்னா ஸ்டோர்காரருக்குப் புரியும். லிட்டருக்குப் பத்து கிராம்னா கரைக்கிறவருக்குப் புரியும். பத்தாயிரம் பிபிஎம்னா நம்ம ஆபீசருக்குப் புடிக்கும். நார்மாலிட்டில சொன்னா பியூரெட்டுக்கு மட்டும்தான் புரியும். யாருகிட்ட பேசறோமோ அவங்க கூப்பிடற பேரச் சொல்லணும்."

கல்லூரியில் மூன்று வருஷம் எனக்கு மண்டையில் ஏறாதது அந்த சைக்கிள் பயணத்தில் ஏறியது. செறிவைச் சொல்லும் வழிகள் என்று நீங்கள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறீர்களே, அது பட்டியல் போட்டு ஒப்பிக்க வேண்டிய விஷயமே இல்லை. கேட்பவர் கையில் டப்பா இருக்கிறதா, தராசு இருக்கிறதா, சொட்டுச் சொட்டாக அளந்து விடும் பியூரெட் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் வாயைத் திறங்கள்.

அடுத்து சொல்லப்போவது பாடமா என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

எங்கள் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியும். பகல் முழுக்க மலை காய்ந்து, சாயங்காலம் அந்தச் சூட்டை ஊர் மேல் திருப்பி விடும். சித்திரை, வைகாசியில் எங்கள் ஓட்டு வீட்டுக்குள் மத்தியானம் நின்றால் மூக்குக் கண்ணாடி சுடும். அந்தச் சூட்டில் கரைசல் விரிந்துகொள்ளும். கழுத்தில் கோடு போட்ட குடுவையில் கோடு வரைக்கும் நிரப்பி ஒரு லிட்டர் என்று நீங்கள் நினைப்பீர்கள், அது குளிர்ச்சியில் ஒரு லிட்டராக இருந்திருக்காது. மோலாரிட்டியும் நார்மாலிட்டியும் கன அளவை நம்பிப் பிழைக்கிற கணக்கு, சூட்டில் நழுவும். கரைப்பானின் எடையை வைத்துச் சொல்லும் மோலாலிட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. "மோலாலிட்டிய வெயில் ஒண்ணும் பண்ணாது சார், அது நம்ம ஊருக்குன்னே பொறந்தது" என்பார் மேடம். தண்ணீர் ஆய்வகத்தில் அதை யார் பயன்படுத்துகிறார்கள் என்று நான் சண்டைக்குப் போவேன்.

சண்டையின் முடிவாக ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். கோடையில், மற்றவற்றை அளக்க உதவும் தரக் கரைசல்களைத் தயாரிக்கும் நாளில் இருவரும் விடிந்ததும் வந்துவிடுவது, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவது. அவர் எடை போடுவார். நான் குடுவையைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்துக் கடைசிச் சொட்டுகளை விடுவேன். "ஜாஸ்தி", "கம்மி", "இன்னும் ஒண்ணு", "போதும்", அவ்வளவுதான் பேச்சு. தேரடிப் பக்கம் கடைக்காரர்கள் வாசல் தெளிக்கிற சத்தம் கேட்கும். முதல் பஸ் ஒலிப்பான் அடித்துக்கொண்டு போகும். வேலை முடிந்ததும் அவர் ஒரு டம்ளர் காபியை இரண்டாக்கி வராந்தாவில் வைப்பார். வெள்ளிக்கிழமை அவர் தலையில் கதம்பம் இருக்கும், அந்த வாசனையும் ஆய்வகத்து அமில நெடியும் கலந்து வரும். என் வேலைக் காலம் முழுவதையும் திருப்பிக் கொடுத்து ஒன்றை எடுத்துக்கொள் என்றால், பதவி உயர்வையோ பாராட்டு விழாவையோ எடுக்கமாட்டேன். அந்தக் காலைகளில் ஒன்றைத்தான் கேட்பேன். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அவரிடம் அதைச் சொல்லத் துணிவு வரவில்லை. அவருக்குத் தகுதிகாண் பருவம் முடிந்து இந்த ஊரிலேயே நிரந்தரமாகிவிட்டால் பிறகு சொல்லிக்கொள்ளலாம், எங்கே போய்விடப் போகிறார் என்று இருந்தேன்.

அந்த வருஷம் கார்த்திகை தீபம் வந்தது.

தீபத்தன்று மலையைச் சுற்றி வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க அடி அண்ணாமலையில் சில பெரியவர்கள் சேர்ந்து ஒரு பந்தல் போட்டிருந்தார்கள். சிமெண்டுத் தொட்டிகள், அவற்றில் குழாய்கள், பக்கத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர். குழுவுக்குத் தலைவர் ஒரு நெல் மண்டிக்காரர். தங்கமான மனுஷன், நாங்கள் போனால் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறப்பார். அவர்களுடைய பவுடரை முன்னதாகவே வாங்கிச் சோதித்திருந்தோம். நல்ல வீரியத்தோடு இருந்தது. எத்தனை லிட்டர் தொட்டிக்கு எவ்வளவு பவுடர், எவ்வளவு தண்ணீரில் கரைப்பது, தெளிந்த பிறகு எவ்வளவு ஊற்றுவது என்று டப்பாக் கணக்கிலேயே நானே சொல்லிக்கொடுத்தேன். கணக்குப்படி குழாயில் இரண்டு பிபிஎம் வர வேண்டும்.

கணக்கைச் சொல்லிக்கொடுத்த பிறகு, பயம் கூடுகிற மாதிரி ஒன்று நடந்தது. தீபத்துக்கு முதல் நாள், அந்தக் கிணற்றுக்கு நாலு வீடு தள்ளி ஒரு தாயும் பிள்ளையும் வாந்தி பேதியில் சுருண்டு, வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். என்ன நோய் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எல்லோர் மனசிலும் ஒரே வார்த்தைதான், காலரா. அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் மறுநாள் பல ஊர்க்காரர்கள் குடிக்கப்போகிறார்கள். குடித்துவிட்டு அவரவர் ஊருக்குப் போகப்போகிறார்கள்.

தீபத்தன்று காலை நாங்கள் பந்தலுக்குப் போனபோது கூட்டம் ஏற ஆரம்பித்திருந்தது. குழாயை இன்னும் திறக்கவில்லை. முக்கியஸ்தர் ஒருவர் வந்து திறந்துவைப்பதாக ஏற்பாடு. மேடம் சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்து, சொட்டு மருந்தை விட்டார். குளோரின் இருந்தால் மஞ்சள் வரும். எவ்வளவு அழுத்தமான மஞ்சளோ அவ்வளவு குளோரின்.

மஞ்சள் வரவில்லை.

அடுத்த தொட்டியில் பிடித்தார். வரவில்லை. நான் வாங்கி மூன்றாவது தொட்டியில் பார்த்தேன். நிறமே இல்லாமல் வெறும் தண்ணீராகவே இருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நீங்களாக இருந்தால் முதலில் யாரைச் சந்தேகப்படுவீர்கள்? நான் மண்டிக்காரரைச் சந்தேகப்பட்டேன், பவுடரே போடவில்லை என்று நினைத்தேன். மேடம் தன் கையில் இருந்த சொட்டு மருந்தைச் சந்தேகப்பட்டார். பையில் நாங்கள் கொண்டுவந்திருந்த சொந்தக் குளோரின் கரைசலில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு, அதில் மருந்தை விட்டார். பளிச்சென்று மஞ்சள் வந்தது. மருந்து நன்றாகத்தான் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மண்டிக்காரர் பக்கம் திரும்பினார். அவசரத்தில் இருக்கும்போதுகூட முதல் சந்தேகம் நம் கையில் இருப்பதன் மேல் வர வேண்டும். இதை நான் சொல்லிக்கொடுத்தால் வராது, அவர் செய்ததைப் பார்த்திருந்தால் வரும்.

"எப்பண்ணே ஊத்துனீங்க?" என்று மண்டிக்காரரைக் கேட்டார்.

"விடியக்காலையிலயே ஊத்திட்டோம்மா. நீங்க சொன்ன டப்பாக் கணக்கு, ஒரு பொடி கொறையல. தெளியணும்னு சொன்னீங்களே, அதுக்காக முந்தாநாளே கரைச்சு வெச்சுட்டோம்."

"எதுல கரைச்சீங்க?"

அவர் பெருமையோடு எங்களைப் பந்தலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இரண்டு பெரிய பித்தளைத் தவலைகள். புளி போட்டுத் தேய்த்துக் கழுத்தில் மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள்.

"சாமிக்கு வரவங்க குடிக்கற தண்ணிம்மா. கண்ட பிளாஸ்டிக் பக்கெட்ல கரைக்கலாமா? எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வாங்கின தவலை. நானே தேய்ச்சேன்."

மேடம் குனிந்து தவலைக்குள் பார்த்தார். அடியில் தங்கியிருந்த சுண்ணாம்பில் பச்சை ஓடியிருந்தது. அவருக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. பித்தளையில் இருக்கும் செம்பு அந்தக் கரைசலை இரண்டு நாளாக உட்கார்ந்து தின்றிருக்கிறது. திறந்த வாயில் வெயிலும் காற்றும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டன. மிஞ்சியிருந்த கொஞ்சநஞ்சத்தையும் கிணற்றுத் தண்ணீரின் அழுக்கு விழுங்கிவிட்டது. போட்டது சரியாகப் போட்டதுதான். பக்தியாகவும் போட்டார்கள். தொட்டியில் ஒன்றும் இல்லை.

அதற்குள் எங்கள் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அன்று அவர் தலையிலும் பெரிய பாரம் இருந்தது. கூட்டம் பந்தலை மறித்துக்கொண்டு நின்றது, முக்கியஸ்தர் கிளம்பிவிட்டார் என்று செய்தி வந்திருந்தது.

"கணக்குப்படி எவ்வளவு?" என்று என்னைக் கேட்டார்.

"ரெண்டு பிபிஎம் சார்."

"அப்புறம் என்ன? தெறந்துட வேண்டியதுதானே?"

"கணக்குல இருக்கு சார்" என்றார் மேடம். "தண்ணில இல்ல."

"புதுசா பவுடர் கொண்டாந்து போட எவ்வளவு நேரம் ஆகும்?"

"இந்தக் கூட்டத்துல ஆபீசுக்குப் போய் வர ஒரு ரெண்டு மணி நேரம். ஊத்தி அரை மணி நேரம் விடணும். மதியத்துக்குத் தெறந்துடலாம் சார்."

"அது வரைக்கும் மூடி வெக்கிறதா? ரெண்டு மூணு மணி நேரத்துல என்னம்மா ஆயிடப்போவுது? இப்ப தெறந்துடுவோம், பவுடர் வந்ததும் போட்டுக்குவோம்."

"நேத்து ரெண்டு பேர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க சார்."

அதிகாரி குரலைத் தணித்தார். கோபமாகக்கூட இல்லை, அலுப்போடு சொன்னார். "உங்க புரோபேஷன் ஃபைல் என் மேஜை மேலதான் இருக்கு. யோசிச்சுக்குங்க."

எங்கள் அலுவலகத்தில் அப்போது ஒரு விதி. குடிதண்ணீரை நிறுத்தச் சொல்ல இரண்டு ஆய்வாளர்கள் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் போட்டால் செல்லாது, இருவர் போட்டுவிட்டால் அதிகாரியே நினைத்தாலும் அந்த இடத்தில் வைத்து மாற்ற முடியாது. மேடம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாளை என் பக்கம் நகர்த்தினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் என்ன நினைத்தேன் என்று ஒளிக்காமல் சொல்கிறேன். நான் போடாவிட்டால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. குழாய் திறக்கும், அதிகாரிக்கு மனசு குளிரும், ஃபைலில் நல்லபடியாக எழுதுவார், மேடம் இந்த ஊரிலேயே இருப்பார். போட்டால் அவர் போய்விடுவார். நிரந்தரமானவன் என்பதால் என்னை ஒன்றும் செய்ய முடியாது, வருவதெல்லாம் அவர் தலையில்தான் விடியும். பேனா மூடியைக் கழற்றினேன், மாட்டினேன், மறுபடி கழற்றினேன். அவர் திரும்பி என்னிடம் கெஞ்சியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். குழாயடியில் தண்ணீருக்காகக் கையை ஏந்திக்கொண்டு முன்வரிசையில் நின்றவர்களைப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டேன்.

அதற்கப்புறம் நாங்கள் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமில்லை. தாகத்தோடு வந்தவர்கள் மூடிய குழாயைத் திருகிப் பார்த்துவிட்டுத் திட்டினார்கள். ஒரு அம்மா, "தண்ணிகூட குடுக்காம மூடி வெச்சிருக்கீங்களே, நல்லா இருப்பீங்களா?" என்று மேடத்தின் முகத்துக்கு நேராகக் கேட்டார். முக்கியஸ்தர் வந்து, திறக்காத பந்தலைப் பார்த்துவிட்டு காரை விட்டு இறங்காமலே போனார். மண்டிக்காரர் ஓரமாக உட்கார்ந்துவிட்டார். "எங்க மானமே போச்சும்மா. நான் நல்லதுன்னுதான் பித்தளைல வெச்சேன்" என்று அவர் அழுததைப் பார்த்து மேடத்துக்கும் கண் கலங்கிவிட்டது. "உங்க மேல தப்பே இல்லண்ணே. எதுல கரைக்கணும்னு நாங்கதான் சொல்லாம விட்டுட்டோம்" என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்.

பவுடர் வந்தது. பிளாஸ்டிக் வாளியில் கரைத்து ஊற்றினோம். அரை மணி நேரம் கழித்து அவர் குழாயில் பிடித்துச் சொட்டு மருந்தை விட்டபோது, எலுமிச்சை நிறத்தில் மஞ்சள் எழுந்தது. அதை அவர் என்னிடம் தூக்கிக் காட்டினார். அந்த நிறத்தை இன்றும் எந்த ஆய்வகத்தில் பார்த்தாலும் எனக்கு அவர் கைதான் தெரிகிறது. பிளீச்சிங் பட்டு விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது. குழாயைத் திறந்தோம். கூட்டம் எல்லாவற்றையும் மறந்துவிட்டுக் குடித்தது.

சாயங்காலம் மலை உச்சியில் தீபம் ஏறியபோது இரண்டு பேரும் தொட்டிக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தோம். அரோகரா என்று ஊரே எழுப்பிய சத்தத்தில் அவர் என்னவோ சொன்னார், எனக்குக் காதில் விழவில்லை. என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல சார்" என்றார். அவர் என்ன சொன்னார் என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். சும்மா ஏதாவது சொல்லியிருப்பார், பசிக்கிறது என்றுகூட இருக்கலாம்.

அந்தத் திருவிழாவில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன தாயும் பிள்ளையும் தேறி வந்தார்கள். எந்த ஊரிலிருந்தும் வாந்தி பேதி என்று செய்தி வரவில்லை. எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய வெற்றி கிடையாது, அதைக் காட்டுவதற்கு ஒரு சாட்சியும் கிடையாது. அதிகாரி மேடத்தைக் கூப்பிட்டு, "பாத்தீங்களா? ஒண்ணுமே ஆகல. இதுக்குப் போய் இவ்ளோ அமர்க்களம் பண்ணிட்டீங்க" என்றார். ஒன்றும் ஆகாததற்குக் காரணமே அந்த அமர்க்களம்தான் என்று நான் உள்ளே போய்ச் சண்டை போட்டேன். "அத நிரூபிங்க" என்றார். எப்படி நிரூபிப்பது? குடிக்காத தண்ணீரால் வராத நோயை எந்த அலகில் அளப்பது? பொங்கலுக்குள் மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. தெற்கே கடைக்கோடியில் ஒரு ஆய்வகம், தகுதிகாண் பருவமும் நீட்டிப்பு. காரணம் என்ற இடத்தில் நிர்வாக நலன் என்று இருந்தது.

இளைஞர்களே, பாடம் வேண்டும் என்றால் இங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு போட்டோம் என்பது ஒரு எண், எவ்வளவு இருக்கிறது என்பது வேறொரு எண். போட்டதை எழுதிவிட்டு இருப்பதாக நினைத்துக்கொள்கிறவர்கள் எங்கள் காலத்திலும் இருந்தார்கள், உங்கள் காலத்திலும் இருப்பார்கள். குழாயடிக்குப் போய்ப் பாருங்கள். சதவீதமோ, பிபிஎம்மோ, நார்மாலிட்டியோ, எந்தப் பெயரில் வேண்டுமானாலும் எழுதுங்கள், பார்த்துவிட்டு எழுதுங்கள். பாடம் அவ்வளவுதான். மிச்சம் என் சொந்தக் கதை, வேண்டாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அவர் கிளம்பிய அன்று பஸ் நிலையத்துக்குப் போனேன். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கூடை. ஜன்னலோரத்தில் துண்டு போட்டு இடம் பிடித்துக் கொடுத்தேன். பஸ் கிளம்ப நேரம் இருந்ததால் இறங்கி நின்று பேசினார். சுற்றிலும் வேர்க்கடலை விற்கிறவர்களும் பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களும். பேச வேண்டியதை இத்தனை காலம் தள்ளிப்போட்டுவிட்டு, அந்த இரைச்சலில்தான் எனக்கு வாய் வந்தது.

"மேடம், நீங்க போறது எனக்குப் புடிக்கல. ஆபீஸ் வேலைக்காகச் சொல்லல. நீங்க இங்கயே இருக்கணும், எனக்காக இருக்கணும்."

அவர் முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டார். பிறகு என்னை நேராகப் பார்த்தார்.

"இத நீங்க சொல்வீங்கனு ரொம்ப நாளா இருந்தேன் சார்."

கண்டக்டர் விசில் ஊதினார். மேடம் நகரவில்லை.

"ஒண்ணு கேக்கறேன், எனக்காக மழுப்பாம சொல்லுங்க. அன்னைக்குத் தொட்டிய மூடாம விட்டிருந்தா நான் இங்கயே இருந்திருப்பேன். மூடாம விட்டிருக்கலாமா?"

எனக்கு வேண்டியது அத்தனையும் அந்தக் கேள்விக்கு ஒரு பக்கத்தில் இருந்தது. விட்டிருக்கலாம் மேடம் என்று சொல்லியிருந்தால் அது பொய்யாக இருந்தாலும், அவர் மேல் எனக்கு இருந்த ஆசை அதில் முழுசாக இருந்திருக்கும். அவர் அந்தப் பொய்யைக் கேட்க ஆசைப்பட்டாரோ என்னவோ. ஆனால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த கண்கள், சோதனைக் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கிற அதே கண்கள். இல்லாததை இருக்கிறது என்று அவற்றிடம் சொல்ல எனக்கு வரவில்லை.

"மூடித்தான் ஆகணும் மேடம்" என்றேன்.

"அப்ப சரி சார்" என்றார். சிரித்தார், கண் நிறைந்திருந்தது. ஏறி உட்கார்ந்தார். பஸ் திரும்பும் வரைக்கும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போனார்.

அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. அங்கேயே வீடு கட்டிக்கொண்டார், பெரிய பதவி வரை போனார் என்று யார் யாரோ சொன்னார்கள். எனக்கும் கல்யாணம் ஆனது, பிள்ளைகள் ஆனார்கள், குறையில்லாத வாழ்க்கைதான். ஆனாலும் வீட்டில் யாரும் இல்லாத சில பகல்களில், அந்த பஸ் நிலையத்தில் நின்று பதிலை மாற்றிச் சொல்லிப் பார்க்கிறேன். விட்டிருக்கலாம் மேடம், போகாதீங்க. வாய்விட்டுக்கூடச் சொல்லிப் பார்க்கிறேன். சொல்லி முடிப்பதற்குள் அடி அண்ணாமலையில் குழாயடியில் கையேந்தி நிற்கிறவர்களின் முகங்கள் வந்துவிடுகின்றன. மறுபடியும் மூடிவிடுகிறேன்.